கேஜ் புலம் என்னும் அளவுகோல் புலம்

இயற்பியலில் ‘கேஜ் புலம்’ (gauge field) என்பதிலுள்ள ‘கேஜ்’, ‘ஐஷென்’ என்னும் ஜெர்மன் சொல்லின் ஆங்கில மொழிபெயர்ப்பு. எடைக்கல்லையும் அளவுகோலையும் தரத்தோடு ஒத்துப்பார்த்துச் சரிசெய்வது என்று பொருள். 1918-ல் ஜெர்மன் கணிதவியலாளர் ஹெர்மன் வெயில், நீளத்தின் அளவுகோலைப் புள்ளிக்குப் புள்ளி தனித்தனியே தேர்ந்துகொள்ளலாம் என்று வைத்து ஈர்ப்பையும் மின்காந்தத்தையும் இணைக்கப் பார்த்தார். அப்படியானால் அணுவின் நிறமாலைக் கோடுகள் அது வந்த பாதையைப் பொறுத்து மாறுமே என்று ஐன்ஸ்டைன் மறுத்தார். 1929-ல் வெயில் அதே கருத்தைக் குவாண்டம் இயற்பியலுக்குக் கொண்டுவந்தார்: புள்ளிதோறும் நம் விருப்பப்படி தேர்ந்துகொள்ளக்கூடியது நீளம் அல்ல, எலக்ட்ரான் அலையின் கட்டம் (phase), அதாவது அலை தன் சுழற்சியில் எந்த நிலையில் இருக்கிறது என்பது. பக்கத்துப் புள்ளிகளின் கட்டங்களை ஒப்பிட வழி தரும் இணைப்பே கேஜ் புலம். மின்காந்தப் புலம் அத்தகையது.

தமிழில் ‘அளவீட்டுப் புலம்’ என்று எழுதினால் குழப்பமே மிஞ்சும். குவாண்டம் இயற்பியலில் அளவீடு வேறு விஷயம். ‘அளவி’, ‘மானி’ இரண்டும் கருவிகளுக்கு உரியவை. ‘அளவுகோல் புலம்’ மூலப்பொருளோடு ஒட்டி நிற்கிறது. ‘அளவுகோல் தேர்வு’ (புள்ளிதோறும் கட்டத்தைத் தேர்ந்துகொள்வது), ‘அளவுகோல் சாராமை’ (அந்தத் தேர்வால் மாறாதிருப்பது) என்ற கிளைச்சொற்களும் இயல்பாக அமைகின்றன.

உலோகத்தில் மின்காந்தம் என்னும் இந்தப் புலம் என்ன செய்கிறது? மின்னேற்றங்களுக்கு இடையிலான கூலும் விசையை, சுற்றிலும் உள்ள எலக்ட்ரான்கள் திரையிட்டு மறைத்துவிடும். குறுக்குத் திசையில் அதிரும் காந்தப் பகுதியை அப்படி மறைக்க முடியாது. அதன் அலைவு தணியும், அவ்வளவுதான். ஹோல்ஸ்டைன், நார்ட்டன், பிங்கஸ் மூவரும் 1973-ல் இதைக் காட்டினார்கள். ஆனால் விளைவின் வலிமை, எலக்ட்ரான் வேகத்துக்கும் ஒளி வேகத்துக்கும் உள்ள விகிதத்தின் இருமடியைப் பொறுத்தது. செம்பில் அது சுமார் 40,000-ல் ஒரு பங்கு. அதனால் சாதாரண உலோகத்தில் கண்ணில் படாது.

வழக்கமான உலோகக் கோட்பாட்டுக்கு அடங்காத மரபுசாரா உலோகங்களில் கதை மாறுகிறது. குப்ரேட் என்னும் செம்பு ஆக்சைடு மீகடத்திகளுக்கான கோட்பாடுகள் சிலவற்றில் எலக்ட்ரான், சுழற்சியை (spin) சுமக்கும் துகளாகவும் மின்னேற்றத்தைச் சுமக்கும் துகளாகவும் பிரிகிறது. இரண்டையும் கட்டிவைக்கும் நிபந்தனையிலிருந்தே ஒரு அளவுகோல் புலம் எழுகிறது. அதற்கு ஒளி வேகத்தின் தடை இல்லை, பிணைப்பு வலுவானது. வலுவான காந்தப்புலத்தில் எலக்ட்ரான்கள் அமரும் லாண்டாவ் மட்டம் பாதி நிரம்பிய நிலைக்கு ஹால்பெரின், லீ, ரீட் 1993-ல் தந்த கோட்பாட்டிலும் இத்தகைய புலம் உண்டு.

எண்களில் பார்ப்போம். எலக்ட்ரான்கள் நிரம்பியிருக்கும் உச்ச ஆற்றலான ஃபெர்மி ஆற்றலை 1 என்றும் கெழுக்களை 1 என்றும் கொண்டு, அந்த நிரம்பலின் எல்லையான ஃபெர்மிப் பரப்பிலிருந்து 0.001 ஆற்றலில் ஒரு துகளை வையுங்கள். ஃபெர்மி திரவம் எனப்படும் வழக்கமான உலோக நிலையில், துகள் சிதறி அழியும் சிதைவு வீதம் ஆற்றலின் இருமடி: 0.000001. ஆற்றலோடு ஒப்பிட அது அற்பம். துகள் தெளிவாக நிற்கும். இருபரிமாணத்தில், குறுந்தொலைவு விசை மட்டும் இருக்கையில், அளவுகோல் புலம் தரும் வீதம் ஆற்றலின் 2/3 அடுக்கு: 0.01. துகளின் ஆற்றலைப் போல் பத்து மடங்கு! ‘துகள்’ என்ற பேச்சே நிலைகுலைகிறது.

இதை அப்படியே மின்தடைக்குக் கொண்டுபோனால் பிழை. சிதறல்களில் பெரும்பாலானவை மிகச் சிறு கோணத்தவை. மின்னோட்டத்தை அவை அதிகம் குலைக்காது. கோணத்தின் இருமடி இன்னொரு 2/3 அடுக்கைச் சேர்ப்பதால் இத்துகள்களின் மின்தடை வெப்பநிலையின் 4/3 அடுக்காகிறது. தனித்துகளின் சிதைவு வீதம் அளவுகோல் தேர்வைச் சார்ந்தது என்பதையும் மறக்கக் கூடாது. சோதனையோடு ஒப்பிட வேண்டியவை மின்கடத்துதிறன், அடர்த்தித் துலங்கல் போன்ற அளவுகோல் சாராத அளவுகளே.