கை தூக்காத மாணவர்களுக்கும் ஒரு பதில் உண்டு

மேட்டூர் அணையில் நீர்மட்டம் முழு அளவான 120 அடியைத் தொட்டிருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்; தேங்கியிருப்பது 93.47 டி.எம்.சி. தண்ணீர். உங்கள் வயலில் இறக்கிய ஒரு குழாயிலும் 120 அடி உயரத்துக்குத் தண்ணீர் நிற்கிறது. அடியில் நீரின் அழுத்தம் எங்கே அதிகம்? அணையிலா, குழாயிலா, இரண்டிலும் சமமா?

இளநிலை இயற்பியல் மாணவர்களிடம், கிளிக்கர் என்ற வாக்களிக்கும் கருவியைக் கையில் கொடுத்து, நான் தவறாமல் கேட்கும் கேள்வி இது. ஜூன் 12 வந்தால் அணை திறக்குமா என்ற பேச்சைக் கேட்டே வளர்ந்த டெல்டாப் பிள்ளைகள் அவர்கள். பெரும்பாலோர் அணையைத்தான் சொல்வார்கள். அழுத்தம் ஆழத்தையும் அடர்த்தியையும் பொறுத்தது என்ற சூத்திரத்தைப் பள்ளியிலேயே எழுதி மதிப்பெண் வாங்கியவர்கள்தாம் அத்தனை பேரும்!

இதை வாய்மொழியாகக் கேட்டால் முன்வரிசையில் இரண்டு மூன்று பேர் பதில் சொல்வார்கள், பாடம் நகர்ந்துவிடும். வலங்கைமானிலிருந்தும் திருத்துறைப்பூண்டியிலிருந்தும் முதல் பஸ் பிடித்து வருகிற, தமிழ்வழியில் படித்த, வீட்டின் முதல் பட்டதாரியாகப் போகிற பிள்ளை வாய் திறக்காது. தவறாகச் சொன்னால் சிரிப்பார்கள் என்ற அச்சம் அதற்கு. அந்தப் பிள்ளையின் மனத்தில் என்ன இருக்கிறது என்பது செமஸ்டர் விடைத்தாளில்தான் நமக்குத் தெரிகிறது. அப்போது தெரிந்து என்ன பயன்?

அதை வகுப்பிலேயே காட்டிவிடுவதுதான் கிளிக்கர். டி.வி. ரிமோட் போன்ற சிறு கருவி அது. மாணவர் தமக்குச் சரியென்று படும் விடைக்கான பொத்தானை அழுத்தினால், ஆசிரியரின் கணினியில் செருகிய ரிசீவர் அதைப் பெற்றுக்கொள்ளும். எந்த விடைக்கு எத்தனை பேர் என்பது மட்டும் திரையில் பட்டை வரைபடமாக வரும். யார் எதை அழுத்தினார் என்பது பக்கத்து பெஞ்சுக்குத் தெரியாது.

ஆசிரியர்கள் பலர் இந்த இடத்தில் சரியான விடையைச் சொல்லிவிடுகிறார்கள். தயவுசெய்து சொல்லாதீர்கள். ஹார்வர்டு பல்கலைக்கழக இயற்பியல் பேராசிரியர் எரிக் மஸூர் 1991 முதல் கையாண்ட முறையில், கணிசமானோர் தவறியிருந்தால் மாணவர்கள் அருகிலிருப்பவரிடம் வாதாட வேண்டும். பிறகு மறுபடி வாக்களிக்க வேண்டும். என் வகுப்பில் அந்த இரண்டு நிமிடம் சந்தைக்கடைதான். "அணையில் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது, யோசித்துப் பார்" என்பாள் ஒருத்தி. "மொத்தத் தண்ணீரை விடு. அடியில் ஒரு சதுர அடியை மட்டும் எடுத்துக்கொள். அதன் தலைமேல் நிற்பது அங்கேயும் 120 அடிதானே? அப்போது அழுத்தம் இரண்டிலும் சமம்தான்" என்பாள் அடுத்தவள். இந்த விளக்கத்தை நான் சொன்னால் குறிப்பேட்டில் ஏறும். தோழி சொன்னால் புத்தியில் ஏறுகிறது.

விடை தெரிந்தவரைப் பார்த்து மற்றவர்கள் மாற்றிக்கொள்கிறார்களோ என்ற ஐயம் நியாயமானது. கொலராடோ பல்கலைக்கழக மரபியல் வகுப்பில் இதைச் சோதித்து, 2009இல் 'சயின்ஸ்' இதழில் முடிவை வெளியிட்டார்கள். தொடக்கத்தில் யாருக்குமே விடை தெரியாத குழுக்களிலும், பேசிய பின் அதே கருத்தில் கேட்ட புதுக் கேள்விக்குச் சரியான விடைகள் கூடியிருந்தன.

இதே கருவியை வருகைப்பதிவுக்கும் அகமதிப்பீட்டு மதிப்பெண்ணுக்கும் பயன்படுத்தும் கல்லூரிகளும் உண்டு. எனக்கு அதில் துளியும் உடன்பாடில்லை. தவறான விடைக்கு மதிப்பெண் குறையும் என்று தெரிந்த நொடியில், மாணவர் தாம் நினைப்பதை விட்டுவிட்டு அடுத்தவர் அழுத்துவதை அழுத்தத் தொடங்குவார். பிறகு அந்த வரைபடம் எதையும் சொல்லாது.

நிதியில்லாத அரசுக் கல்லூரிக்கு இது எட்டாது என்று ஒதுக்க வேண்டாம். அ, ஆ, இ, ஈ என்று எழுதிய நான்கு அட்டைகள் போதும்; மார்போடு அணைத்துப் பிடித்தால் பக்கத்தில் இருப்பவர் பார்க்க முடியாது. கருவிக்கும் அட்டைக்கும் கற்றலில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை என்று கனடாவில் ஓர் ஆய்வு 2008இலேயே காட்டியிருக்கிறது. 'பிளிக்கர்ஸ்' செயலியில் ஆசிரியரின் ஒரே செல்போன் கேமரா வகுப்பு முழுவதும் தூக்கிப் பிடிக்கும், அதற்கென்றே அச்சிட்ட அட்டைகளைப் படித்துவிடும். மாணவரிடம் போன் தேவையில்லை.

நேரம் செலவாவது கேள்வி தயாரிப்பதில்தான். வரையறையைக் கேட்காதீர்கள், மாணவர் வழக்கமாக எங்கே சறுக்குவாரோ அதையே தவறான விடைகளாக வையுங்கள். ஒரு வகுப்புக்கு இரண்டு கேள்வி தாராளம். இரண்டாம் வாக்கிலும் பாதிப்பேர் தவறினால் அந்தப் பகுதியை மறுபடி நடத்துங்கள். பாடத்திட்டம் ஒரு நாள் பின்தங்கினால் தங்கட்டும்.