டெரியர்: மண்ணில் பிறந்த பெயர்

டெரியர் நாய் என்றதும் 'டெரர்' நினைவுக்கு வரும். அந்தக் குட்டி உருவம் போடும் சத்தத்தைக் கேட்டவர்கள், பயமுறுத்துவதால்தான் இந்தப் பெயர் என்று சத்தியமே செய்வார்கள். ஆனால் இரண்டு சொற்களுக்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை.

வேர், 'டெர்ரா' என்ற லத்தீன் சொல். மண், நிலம் என்று பொருள். சுடுமண்ணைச் சொல்லும் டெரகோட்டாவில் இருப்பதும் இதுவே. பழைய பிரெஞ்சில் 'ஷியென் தெரியே' என்றால் மண்ணுக்குள் போகும் நாய். ஆங்கிலத்துக்கு வந்தபோது நாய் உதிர்ந்து மண் மட்டும் தங்கிவிட்டது. பிரெஞ்சில் இன்றும் முயல் வளைக்குப் பெயர் 'தெரியே'தான். இங்கிலாந்து நாய்களைப் பற்றி 1570இல் லத்தீனில் எழுதிய மருத்துவர் ஜான் கேயஸ், நரியையும், வளை தோண்டி வாழும் பேட்ஜர் என்ற விலங்கையும் தேடி வளைக்குள் ஊர்ந்து செல்லும் நாய் என்றே இதைக் குறிப்பிடுகிறார்.

அந்த வேலை உடம்பிலும் எழுதியிருக்கிறது. ஜாக் ரசல் டெரியரின் முன்கால்களுக்குப் பின்னால் நெஞ்சை இரு கைகளாலும் சுற்றிப் பிடித்துப் பாருங்கள். விரல்கள் ஒன்றையொன்று தொட வேண்டும். அதைவிடப் பருத்தால் வளைக்குள் சிக்கிக்கொள்ளும். ஓயாத குரைப்புக்கும் காரணம் உண்டு: எங்கே தோண்டுவது என்று மேலே நிற்கும் வேட்டைக்காரருக்கு அதுதான் அடையாளம். இருட்டுக்குள் தனியாக முடிவெடுத்துப் பழகிய இனம், சொன்ன பேச்சை உடனே கேட்கவில்லை என்று வருந்துவதில் அர்த்தமில்லை. எனக்குத் தெரிந்த ஒன்று, மூக்கைத் தொட்டிக்குள் புதைத்து, பின்னங்கால்களுக்கு நடுவே மண்ணை வாரியிறைத்து, செடியைத் தூக்கி எறிந்துவிட்டுத்தான் நிமிரும். தோண்ட ஓர் ஓரத்தை ஒதுக்கிக் கொடுப்பதே நல்லது. கம்பிபோன்ற முடியுள்ள வகைகளுக்கு உதிரப்போகும் முடியை விரலால் பிடுங்கி எடுப்பார்கள். கத்தரித்தால் முடி மெத்தென்றாகி, நிறமும் மங்கும்.

தமிழில் என்ன சொல்வது? 'வேட்டைநாய்' மிகப் பொது. மோப்ப நாய்களும் அதில் அடங்கிவிடும். 'மண்நாய்' நேர்ப்பொருள்தான், ஆனால் மண்குதிரைக்குத் தம்பிபோல ஒலிக்கிறது. என் ஓட்டு 'வளைநாய்'க்கு. எலி வளையானாலும் தனி வளை என்று சொல்லிப் பழகிய நமக்கு அது விளங்கும். வளைந்த நாய் என்று யாராவது படித்துவிடுவார்கள் எனத் தோன்றினால் 'வளைவேட்டை நாய்' எனலாம். ஜாக் ரசல், ஏர்டேல் போன்ற இனப்பெயர்களை அப்படியே விட்டுவிடலாம்.

திபெத்திய டெரியரை மட்டும் வளைநாய் ஆக்கிவிட வேண்டாம். அது வளைக்குள் போன நாயே இல்லை. ஐரோப்பியர் உருவத்தைப் பார்த்து வைத்த பெயர்.