எக்ஸ்இ என்பது இரும்புப் பெட்டி அல்ல

நிரலுக்குள் கடவுச்சொல்லை எழுதி வைத்துவிட்டு என்னிடம் வருவதில், இந்த மாதத்தில் இது மூன்றாவது. மொத்த வியாபாரி ஒருவரின் கிளைக் கடைகளுக்காக ஓர் இளைஞர் பைத்தான் மொழியில் எழுதிய கன்சோல் நிரல் (எழுத்துகள் மட்டும் ஓடும் திரை). இரவு கடை அடைத்ததும் இருப்புக் கணக்கைத் தலைமை அலுவலகத் தரவுத்தளத்துக்கு அனுப்பும். பைஇன்ஸ்டாலர் என்ற கருவியில் ஒரே எக்ஸ்இ கோப்பாக்கி (விண்டோஸில் நேரடியாக இயங்கும் கோப்பு) எல்லாக் கிளைகளுக்கும் கொடுத்துவிட்டார். தரவுத்தளத்தின் நிர்வாகிக் கடவுச்சொல் நிரலின் பன்னிரண்டாம் வரியில்.

"எக்ஸ்இ ஆகிவிட்டதே சார், இனி யாரால் பார்க்க முடியும்?"

இலவசமாகக் கிடைக்கும் பிரித்தெடுப்புக் கருவியை அவர் கண்ணெதிரே இயக்கினேன். தேநீர் ஆறுவதற்குள் கடவுச்சொல் திரையில் வந்தது, கடைசியிலிருந்த ஆச்சரியக்குறி உட்பட.

எத்தனை முறை சொல்வது! பைஇன்ஸ்டாலர், நிரலை இயந்திர மொழிக்கு மாற்றும் கம்பைலர் அல்ல, மூட்டை கட்டும் கருவி. பைட்கோடு (பைத்தான் இயக்கத் தோதாக மாற்றிய உங்கள் நிரல்), அதை இயக்கும் பைத்தான் இன்டர்பிரட்டர், நிரல் நூலகங்கள் எல்லாவற்றையும் சுருக்கி ஒரே கோப்பில் திணிக்கிறது. இயக்கும்போது அந்தக் கோப்பே மூட்டையை அவிழ்த்தாக வேண்டும். அதற்குத் தெரிந்த முடிச்சு ஊருக்கே தெரியும். நீங்கள் மேற்கோள் குறிக்குள் எழுதியது பைட்கோடில் எழுத்து மாறாமல் கிடக்கும். முன்பு பைட்கோடைப் பூட்டும் வசதி ஒன்று இருந்தது. சாவியும் அதே கோப்புக்குள்! 2023இல் வந்த 6.0 பதிப்பில் அதை எடுத்தே விட்டார்கள். உருவாக்கியவர்களே கைவிட்டதை நீங்கள் ஏன் நம்புகிறீர்கள்? (மைக்ரோசாஃப்டின் டாட்நெட்டில் நிரல் எழுதுபவர்கள் சிரிக்க வேண்டாம். உங்கள் ஒற்றைக் கோப்பையும் ஐஎல்ஸ்பை என்ற கருவி திறந்து காட்டும்.)

கடவுச்சொல்லைச் சர்வரிலேயே வையுங்கள். நடுவில் ஒரு ஏபிஐ (நிரல் அனுப்புவதை வாங்கித் தரவுத்தளத்தில் சேர்க்கும் இடைமுகம்), கிளைக்கொரு டோக்கன் (அனுமதிச் சாவி), அதற்கு இருப்பை அனுப்பும் உரிமை மட்டும். ஒன்று கசிந்தால் அதை மட்டும் ரத்து செய்யலாம்.

இன்னொன்று. ஒற்றைக் கோப்பு ஒவ்வொரு முறையும் தற்காலிகக் கோப்புறையில் விரிந்து, வேலை முடிந்ததும் அதை அழித்துவிடும். நிரலின் அமைப்புகளை (செட்டிங்ஸ்) அங்கே சேமித்துவிட்டு மறுநாள் காணவில்லை என்று என்னிடம் வராதீர்கள். நிரலை டாஸ்க் மேனேஜரில் கொன்றால் அந்தக் கோப்புறை அப்படியே தங்கிவிடும். ஒரு கிளையில் டிஸ்க் நிரம்பியதன் மர்மம் அதுதான்.

உங்கள் கோப்பைப் பார்த்து ஆன்டிவைரஸ் கத்தினால், "அதை அணைத்துவிட்டு இயக்குங்கள்" என்று வாடிக்கையாளரிடம் சொல்லாதீர்கள், தயவுசெய்து. ஒற்றைக் கோப்புக்குப் பதில் கோப்புறையாகவே கட்டிக் கொடுங்கள், டிஜிட்டல் கையொப்பம் இடுங்கள்.

இளைஞர் அன்றிரவே தரவுத்தளத்தின் கடவுச்சொல்லை மாற்றினார். கிளைகளில் இருந்த கோப்புகளிலோ பழையதுதான். மறுநாள் காலை முதல் கிளைகளிலிருந்து ஓயாமல் தொலைபேசி, "கணக்கு போகவில்லை" என்று. ஒரு நாள் நோட்டில் எழுதச் சொல்லுங்கள் என்றேன்.