பழைய ஊறுகாய் ஜாடியைத் திறக்கும் வித்தை

பைத்தான் என்ற கணினி மொழியில் எழுதிய நிரல் ஒன்று ஓடும்போது அதன் தரவெல்லாம் நினைவகத்தில் இருக்கும். நிரல் நின்றால் போய்விடும். அந்தத் தரவை அப்படியே பைட்டுகளாக்கிக் கோப்பில் போட்டுவைத்து, வேண்டும்போது திரும்ப எடுக்க, பைத்தானோடு கூடவே ஒரு லைப்ரரி (ஆயத்த நிரல் தொகுப்பு) வருகிறது. அதன் பெயர் பிக்கிள். ஊறுகாய்தான்! நல்ல பொருத்தம், ஏனென்றால் யாரும் அடுத்த வேளைச் சாப்பாட்டுக்காக மட்டும் ஊறுகாய் போடுவதில்லை. 2003-ல் போட்ட ஜாடியையும் இன்றைய பைத்தான் திறந்தாக வேண்டும். இடையில் மொழியே மாறிவிட்டது என்பதுதான் சிக்கல்.

பிக்கிள் கோப்பு என்பது உண்மையில் ஒரு குட்டி நிரல். அதில் கட்டளைகள் வரிசையாக இருக்கும்: இந்த எண்ணை அடுக்கின் மேல் வை, வைத்ததையெல்லாம் பட்டியலாகக் கட்டு, இந்த மாட்யூலில் (நிரல் கோப்பில்) உள்ள இந்த வகுப்பை, அதாவது தரவின் வார்ப்பை, கூப்பிடு. கடைசியில் ஒரு புள்ளி வந்தால் முடிந்தது. (முன்பின் தெரியாதவர் தரும் பிக்கிள் கோப்பைத் திறக்கவே கூடாது. எந்தச் செயல்கூற்றை வேண்டுமானாலும் அது கூப்பிட வைக்கும்.)

பராமரிப்பின் அடிப்படை விதி இதிலிருந்துதான் வருகிறது. ஒரு கட்டளைக்கு அடையாளமாக ஒருமுறை கொடுத்த எழுத்தை வேறு பொருளில் மறுபடி பயன்படுத்தக் கூடாது. புதிதாகச் சேர்க்க மட்டும் செய்யலாம். இப்படி 0 முதல் 5 வரை ஆறு புரோட்டோக்கால்கள், அதாவது எழுதும் முறையின் பதிப்புகள், வந்துவிட்டன. எண் 2 பைத்தான் 2.3-ல், 3 பைத்தான் 3.0-ல், 4 பைத்தான் 3.4-ல், 5 பைத்தான் 3.8-ல். புதிய பைத்தான் ஆறையும் படிக்கும். எண் 2 முதல் கோப்பின் தொடக்கத்திலேயே புரோட்டோக்கால் எண் இருப்பதால், தனக்குத் தெரியாத எண்ணைக் கண்ட பழைய பைத்தான் உடனே நின்றுவிடும். தப்பாகப் படிப்பதைவிட அது எவ்வளவோ மேல்.

எனக்கு மிகவும் பிடித்தது, காலி இடத்தைக் கண்டுபிடித்து உள்ளே நுழையும் வேலை. ஆரம்பகாலப் பைத்தானில் உண்மை, பொய் என்பதற்குத் தனி வகை கிடையாது; 1, 0 என்றே எழுதினார்கள். தனி வகை வந்தபோது, புரோட்டோக்கால் 0-ல் உண்மையை 01 என்று எழுத முடிவு செய்தார்கள். சாதாரண எண்ணை பிக்கிள் ஒருபோதும் முன்னால் சுழியம் போட்டு எழுதாது. அதனால் புதிய பைத்தான் 01-ஐக் கண்டால் உண்மை என்று எடுத்துக்கொள்ளும். பழையது வெறும் 1 என்று படித்துக்கொண்டு போகும். இரண்டுக்குமே வேலை நடக்கும்.

சரி, இப்போது பெரிய அடிக்கு வருவோம். 2008 டிசம்பரில் பைத்தான் 3.0 வந்தபோது எழுத்தும் பைட்டும் தனித்தனி வகைகளாயின. பைத்தான் 2-ன் சாதாரண சரத்தில் (எழுத்துத் தொடரில்) எழுத்தும் இருக்கலாம், படத்தின் பைட்டுகளும் இருக்கலாம். எது என்று கோப்பில் எழுதிவைக்கவில்லை. எழுதாத தகவலை லைப்ரரி எங்கிருந்து எடுக்கும்?

‘வணக்கம்’ என்ற சொல்லை எடுத்துக்கொள்வோம். உலக மொழி எழுத்துகளுக்கெல்லாம் எண் கொடுக்கும் யூனிகோடு கணக்கில் 7 குறிகள், அவற்றைப் பைட்டுகளாக எழுதும் யுடிஎஃப்-8 முறையில் 21 பைட்டுகள். பைத்தான் 2 இதை 21 பைட்டுச் சரமாகப் போட்டுவைத்திருக்கும். பைத்தான் 3 இயல்பாக அதை ஆஸ்கி (ஆங்கில எழுத்துகளுக்கான பழைய குறியீடு) என்று நினைத்துத் திறக்கப் பார்த்து, முதல் பைட்டிலேயே பிழை காட்டி நிற்கும். யுடிஎஃப்-8 என்று சொல்லித் திறந்தால் தமிழ் சரியாக வந்துவிடும். ஆனால் அதே கோப்பில் ஒரு தேதி இருந்தால்? தேதி-நேரத்தை பிக்கிள் 10 பைட்டுகளில் அடைக்கிறது; முதல் இரண்டு பைட்டுகள் ஆண்டு. 2015 என்றால் 7, 223. யுடிஎஃப்-8-ல் 223-க்கு அடுத்து 128 முதல் 191 வரையிலான பைட் வர வேண்டும். இங்கே வருவதோ மாதம், 12-க்கு மேல் போகாது. மறுபடி பிழை.

இதற்கு வழி லத்தீன்-1 என்ற இன்னொரு குறியீடு. அது 0 முதல் 255 வரை ஒவ்வொரு பைட்டையும் அதே எண்ணுள்ள எழுத்தாக மாற்றுகிறது. எந்த பைட்டும் தொலைவதில்லை, எந்த பைட்டிலும் பிழை வருவதில்லை. தமிழ் தற்காலிகமாக à® என்று குப்பையாகத் தெரியும். அதை லத்தீன்-1 வழியாகவே திரும்பப் பைட்டுகளாக்கி, பிறகு யுடிஎஃப்-8-ல் படித்தால் வணக்கம் முழுசாக வந்துவிடும். தேதிக்கு இந்த வேலையைப் புதிய பைத்தானில் தேதி-நேர மாட்யூலே செய்துகொள்கிறது.

அப்புறம் பெயர் மாற்றங்கள். பிக்கிளில் வகுப்பின் நிரல் இருப்பதில்லை, மாட்யூல் பெயரும் வகுப்பின் பெயரும் மட்டுமே. பைத்தான் 3-ல் க்யூ மாட்யூலின் பெரிய எழுத்து சின்னதானது. காப்பி_ரெக் தன் அடிக்கோட்டை இழந்தது. இதற்காகவே பழைய பெயர், புதிய பெயர் அட்டவணை ஒன்று பைத்தானுக்குள் இருக்கிறது. பழைய கோப்பைப் படிக்கும்போது புதிய பெயருக்கு மாற்றும். புரோட்டோக்கால் 2 வரை எழுதும்போது பழைய பெயரையே எழுதும்.

மொழி தரும் இந்த அட்டவணை வெளி லைப்ரரிகளுக்கு உதவாது. எண் அணிகளைக் (வரிசைகளைக்) கையாளும் வெளி லைப்ரரி நம்பை. 2024 ஜூனில் வந்த நம்பை 2.0-ல் ‘கோர்’ என்ற உள்மாட்யூல் முன்னால் அடிக்கோடு பெற்று ‘_கோர்’ ஆனது. புதிய நம்பையில் போட்ட அணிகளில் இந்தப் பெயர்தான் இருக்கும், பழைய நம்பைக்கு அது தெரியாது. அதனால் பராமரிப்பவர்கள் பழைய 1.26 வரிசைக்குள்ளேயே ‘_கோர்’ என்ற பெயரில் ஒரு கூடு சேர்த்து வெளியிட்டார்கள். அந்தப் பெயரைத் தேடி வரும் கோப்பை அது பழைய ‘கோர்’ பக்கம் திருப்பிவிடுகிறது.