வண்டியை இறக்குவதற்கு முன் ஷாக்கில் ஒரு டேக் கட்டிப் பாருங்க

போன வருஷம் ஆடி மாசக் கடைசியில் ஒரு போலோ ஜிடி கார் எங்கள் பட்டறைக்கு வந்தது. வந்தது என்றால் கேட் வரைக்கும்தான். சாக்கடை மேல் போட்ட கான்கிரீட் மூடி ரோட்டை விட நாலு விரற்கடை உயரம். அதை ஏற முடியாமல் ஓட்டி வந்த தம்பி இறங்கி, "ஏனுங்ணா, ரெண்டு பலகை இருந்தா குடுங்களேன்" என்றார். பெருந்துறைக்காரர், இருபத்து நாலு வயசு, நூல் வியாபாரக் குடும்பம். வெள்ளை வண்டி, 17 இன்ச் அலாய், டயருக்கும் ஃபெண்டருக்கும் நடுவே ஒரு விரல் நுழையாது. பார்க்க அழகாகத்தான் இருந்தது. எனக்கும் இறக்கின வண்டி, அதாவது தரைக்குப் பக்கமாக உயரம் குறைத்த வண்டி, பிடிக்கும். இல்லாவிட்டால் இருபது வருஷமாக இந்தத் தொழிலில் இருந்திருக்க மாட்டேன்.

"என்னங்க தம்பி பிரச்சனை?"

"முன்னாடி லொடலொடன்னு சத்தம். வளைவுல திருப்புனா திரும்பாம நேரா போகப் பாக்குது. அப்புறம் எங்க அம்மிச்சி இனிமே இந்த வண்டில ஏற மாட்டேங்கறாங்க."

மூன்றாவதைத்தான், அம்மாவைப் பெற்ற பாட்டி விஷயத்தைத்தான், முதலில் விசாரித்தேன். காங்கயம், தாராபுரம் வழியாகப் பழனிக்குப் போயிருக்கிறார்கள். போகிற வழியில் மூன்று வேகத்தடைகளில் அடி தட்டும் என்று பயந்து, பின் சீட்டில் இருந்த எல்லோரையும் இறக்கி, வண்டியைத் தாண்ட விட்டு, மறுபடி ஏற்றியிருக்கிறார். மூன்றாவது தடவை அம்மிச்சி, "காரை எறக்கியாச்சு எறக்கியாச்சுங்கறான், எறங்கறது பூரா நாந்தான்" என்றாராம்.

லிஃப்டில் ஏற்றினோம். சக்கரம் தொங்கியதும் முன் ஸ்பிரிங் இரண்டும் அவை உட்காரும் தட்டில், அதாவது ஸ்பிரிங் இருக்கையில், பிடிப்பில்லாமல் ஆடின. கையால் பிடித்துச் சுற்றவே முடிந்தது. வெட்டிய முனையில் நீலம் பூத்திருந்தது. கேஸ் கட்டிங். வண்டியை இறக்க ஸ்பிரிங்கின் ஒரு பகுதியை கேஸ் டார்ச் நெருப்பில் வெட்டி எடுத்திருக்கிறார்கள்.

"யாரோ சொன்ன எடத்துல பண்ணுனதுங்ணா. மூவாயிரம் ரூவா, ஒரு மணி நேரம்."

அந்த இடம் எது என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை. கோயமுத்தூர், திருப்பூர், ஈரோடு, சேலம் எங்கும் இந்த வேலை நடக்கிறது. மாதத்துக்கு ஒன்றிரண்டு வண்டியாவது இப்படி வருகிறது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

ஸ்பிரிங்குக்கு உயிர் அதன் பதத்தில். காய்ச்சி, எண்ணெயில் தணித்து, மறுபடி அளவாகச் சூடேற்றிக் கொண்டுவந்த பதம் அது. டார்ச்சைக் காட்டினால் அந்த இடத்தில் பதம் போய்விடும். அரிவாள் அடிக்கிற கொல்லரிடம் கேட்டால் என்னை விட நன்றாகச் சொல்வார். முனை உட்காருவதற்கென்று கம்பெனி வளைத்து விட்ட வடிவமும் வெட்டியதில் போய்விடுகிறது. உயரம் குறைந்த ஸ்பிரிங், சக்கரம் முழுக்கத் தொங்கும்போது இருக்கையைத் தொடாது. பெரிய பள்ளத்தில் சக்கரம் ஒரு கணம் தொங்கி மறுபடி மேலே வரும்போது அது கோணலாகத்தான் உட்காரும். இந்த வண்டியில் பின்னால் ஸ்பிரிங் வேறு, ஷாக் (ஷாக் அப்சார்பர்) வேறு. அங்கே கழன்றே விழுந்துவிடலாம். வெட்டாமல் சூடு காட்டி உட்கார வைக்கிற ஒரு முறையும் உண்டு. அது இதை விட மோசம்.

"சரிங்ணா, வெட்டக்கூடாது. நல்ல ஸ்பிரிங் போட்டா எவ்வளவு வேணும்னாலும் எறக்கலாமில்ல?" என்று கேட்டார். இந்தக் கேள்விக்குத்தான் நிதானமாகப் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

வண்டியை இறக்கும்போது உங்கள் கையிலிருந்து போவது சக்கரம் மேலே போய் வருகிற தூரம். பட்டறையில் 'டிராவல்' என்போம். வண்டி சும்மா நிற்கும் நிலையிலிருந்து, ஷாக்கின் தண்டில் மாட்டியிருக்கும் ரப்பர் போன்ற பம்ப் ஸ்டாப்பைத் தொடுகிற வரை எவ்வளவு தூரம் இருக்கிறதோ, அதுதான் நீங்கள் ரோட்டுக்குக் கொடுக்கிற செலவுப் பணம். இந்தத் தம்பியின் வண்டியை 60 மி.மீ. இறக்கியிருந்தார்கள். ஷாக் பழையதுதான். மிச்சம் இருந்த டிராவலை அளந்தேன்: 15 மி.மீ. ஒரு ஆள் முன் சீட்டில் உட்கார்ந்தால் அதிலும் ஒரு பங்கு போய்விடும். குடும்பத்தோடு ஏறினால் அந்த வண்டி ஸ்பிரிங்கின் மேல் ஓடவில்லை, பம்ப் ஸ்டாப்பின் மேல் ஓடுகிறது.

கணக்கு ஒன்று சொல்கிறேன், பயப்பட வேண்டாம், எட்டாம் வகுப்புக் கணக்குதான். ஸ்பிரிங் வாங்கிக்கொள்கிற அடி, அது அமுங்கும் தூரத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. தூரத்தைப் பாதியாக்கிவிட்டு அதே அடியை ஸ்பிரிங்கே நிறுத்த வேண்டும் என்றால், அதன் விறைப்பு ஏறக்குறைய நாலு மடங்கு ஆக வேண்டும். வெட்டினால் எவ்வளவு கூடும்? வேலை செய்கிற சுற்று ஐந்தில் ஒன்றை வெட்டினால் விறைப்பு கால் பங்குதான் கூடும். மீதி அடியெல்லாம் எங்கே போகும்? பம்ப் ஸ்டாப்புக்கு, ஷாக்கின் மேல் மவுண்டுக்கு, பாடிக்கு, கடைசியில் அம்மிச்சியின் இடுப்புக்கு.

வளைவில் வண்டி நேராகப் போகப் பார்த்ததும் இதே காரணத்தால்தான். ஆழியாறிலிருந்து வால்பாறை ஏறுகிற 40 கொண்டை ஊசி வளைவுகளில் ஏதாவது ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். திருப்பும்போது பாரம் வெளிப்பக்கச் சக்கரத்தில் சாய்கிறது. டிராவல் அங்கேயே தீர்ந்துவிட்டால் அந்த மூலை திடீரென்று கல் மாதிரி ஆகிவிடும். அந்த நேரம் ரோட்டில் ஒரு சின்ன மேடு வந்தால் டயர் அதை மிதித்துப் போகாமல் தாவும். தாவுகிற டயருக்குப் பிடிப்பு இல்லை. ஸ்டியரிங் நீங்கள் எந்தப் பக்கம் திருப்பியிருந்தாலும் வண்டி நேராகத்தான் போகும்.

இன்னொன்று, இதைச் சொன்னால் பசங்க நம்ப மாட்டேன் என்கிறார்கள். ரொம்ப இறக்கினால் வண்டி வளைவில் அதிகமாகச் சாயப் பார்க்கும். முன்பக்கம் சக்கரத்தை வண்டியோடு சேர்க்கிற கீழ்க் கையான லோயர் ஆர்ம் சக்கரப் பக்கம் சற்றுத் தாழ்ந்து இருக்கும்படிதான் கம்பெனி அமைத்திருக்கும். பாடியை இறக்கினால் அது படுக்கையாகி, பிறகு சக்கரப் பக்கம் மேலே தூக்கிக்கொள்ளும். வண்டி எந்தப் புள்ளியைச் சுற்றிச் சாய்கிறதோ அந்தப் புள்ளி, பாடி இறங்கியதை விட அதிகமாகக் கீழே போய்விடும். பாரத்தின் மையத்துக்கும் அந்தப் புள்ளிக்கும் இடைவெளி கூடினால், கடப்பாரையின் நீளம் கூடிய மாதிரி, சாய்க்கிற பலம் கூடும். விறைப்பான ஸ்பிரிங் போட்டு அதை மறைக்கலாம், அவ்வளவுதான். ஸ்டியரிங்கைச் சக்கரத்தோடு சேர்க்கிற டை ராட்டின் கோணமும் கெடுவதால் மேடு பள்ளத்தில் சக்கரம் தானாக ஒரு மயிரிழை திரும்பும். தம்பியின் முன் டயர் இரண்டும் 8,000 கி.மீ.யில் உள் ஓரம் மொட்டை. மேலோட்டமாகப் பார்த்தால் புது டயர் மாதிரி இருந்தன.

ரேஸ் கார் எல்லாம் தரையோடு ஒட்டித்தானே ஓடுகிறது என்பீர்கள். கோயமுத்தூர்க்காரரான நாராயண் கார்த்திகேயன் 2005இல் ஃபார்முலா ஒன்னுக்குப் போனதிலிருந்து இந்த ஊரில் எனக்கு வகுப்பு எடுக்காத ஆள் குறைவு. செட்டிபாளையத்தில் இருக்கும் கரி மோட்டார் ஸ்பீட்வே ரேஸ் டிராக் 2.1 கி.மீ. நீளம். அங்கே வேகத்தடை இல்லை, குழாய் புதைக்க வெட்டிய பள்ளம் இல்லை, பின் சீட்டில் தேங்காய் மூட்டை இல்லை. பல்லடம் தாண்டி கேத்தனூர் காற்றாலைகளுக்கு நடுவே மண் பாதையில் ராலி ஓட்டுகிறார்களே, அந்த வண்டிகளின் அடியில் குனிந்து பாருங்கள். தூக்கி வைத்திருப்பார்கள், டிராவல் நீளமாக இருக்கும். அவர்களும் வேகமாகப் போகத்தான் அப்படிச் செய்கிறார்கள். உங்கள் தினசரி ரோடு இந்த இரண்டில் எதற்குப் பக்கம் என்று நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.

வேகத்தடை பற்றி ஒரு சின்ன விஷயம். சாலைப் பொறியாளர்கள் அமைப்பான இந்தியச் சாலைகள் காங்கிரசின் விதிப்படி கட்டிய வேகத்தடை 3.7 மீட்டர் அகலம், 10 செ.மீ. உயரம், 17 மீட்டர் ஆரத்தில் வளைந்திருக்கும். போலோவின் இரண்டு அச்சுக்கும் நடுவே இரண்டரை மீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. முன் சக்கரமும் பின் சக்கரமும் ஒரே நேரத்தில் அந்த வளைவின் மேல் நிற்கும். கணக்குப் போட்டால், வண்டி வயிற்றின் நடுவில் குறைகிற இடைவெளி நாலரை செ.மீ.தான். இறக்கின வண்டிகூடத் தாண்டிவிடும். ஆனால் ஊருக்குள் ஏதாவது விபத்து நடந்த மறுநாள் ராத்திரி ஊர்க்காரர்களே கட்டுகிறார்களே, ஒரு முழ அகலத்தில் ஒரு சாண் உயரத்துக்குச் சுவர் மாதிரி? அதன் முழு உயரமும் வயிற்றில்தான். போலோவின் தரை இடைவெளி சுமார் 165 மி.மீ. அதில் 60 போனால் மிச்சம் என்ன என்று பார்த்துக்கொள்ளுங்கள். தட்டுவது எஞ்சின் ஆயில் நிற்கிற அடித்தொட்டியான ஆயில் சம்ப்பாக இருந்தால் எஞ்சின் செலவு.

சரி, அப்படியானால் இறக்கவே கூடாதா? இறக்கலாம். எங்களிடம் கேட்டால் நம் பக்கத்து ரோட்டுக்கு, தினசரி ஓட்டுகிற வண்டிக்கு, 25 மி.மீ.க்கு மேல் நான் சம்மதிப்பதில்லை. அதற்கும் முன்னால் பழைய ஷாக், லோயர் ஆர்மின் ரப்பர் புஷ், லிங்க் ராட் எல்லாம் எந்த நிலையில் இருக்கின்றன என்று பார்த்துவிடுவேன். 60,000 கி.மீ. ஓடிய ஷாக்கை மாற்றி, நல்ல டயர் போட்டுக் கொடுத்தாலே "அண்ணா, வண்டி வேற மாதிரி இருக்குது" என்று பாதிப் பேர் திருப்தியாகிப் போய்விடுகிறார்கள். அவர்களுக்கு வேண்டியது அதுதான், இறக்கம் இல்லை. இதில் எனக்கு வருமானம் குறைவு என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

இறக்கியே தீர வேண்டும் என்றால் உங்கள் மாடலுக்கென்று ஐபாக், எச் அண்ட் ஆர் போன்றவர்கள் செய்கிற ஸ்பிரிங்கை வாங்குங்கள். டப்பாவில் பெயர் இருந்தால் மட்டும் போதாது, டூப்ளிகேட் நிறைய ஓடுகிறது. பார்ட் நம்பரைக் கம்பெனி பட்டியலோடு ஒத்துப் பாருங்கள். ஸ்பிரிங் விறைத்தால் அதை அடக்குகிற ஷாக்கும் அதற்கேற்ப வேண்டும். இல்லாவிட்டால் மேட்டைத் தாண்டி வண்டி இரண்டு மூன்று தடவை ஆடும். ஸ்பிரிங்கும் ஷாக்கும் சேர்ந்த, மரையில் திருகுகிற காயில் ஓவர் போட்டால் உயரத்தைக் கூட்டிக் குறைக்கலாம் என்பது சௌகரியம்தான், ஆனால் அந்த வசதியை வைத்துக்கொண்டு கடைசி மரை வரை இறக்குகிறவர்களைத்தான் நான் அதிகம் பார்க்கிறேன். கூட்டிக் குறைக்கிற மரைகளில் நம் ஊர் மண்ணும் மழைத் தண்ணியும் ஏறி ஒரு வருஷத்தில் இறுகிவிடும், துடைத்து வையுங்கள்.

மாட்டுகிற இடத்தில் ஒன்றை மட்டும் கவனியுங்கள். லோயர் ஆர்ம் போல்ட்டை வண்டி லிஃப்டில் தொங்கிக்கொண்டிருக்கும்போது கடைசி முறுக்கு முறுக்கக் கூடாது. அந்த ரப்பர் புஷ் சுழலாது, முறுக்கிக்கொண்டுதான் இடம் கொடுக்கும். தொங்கின நிலையில் இறுக்கினால் வண்டியைக் கீழே இறக்கிய நிமிஷத்திலிருந்து அது முறுக்கிக்கொண்டே இருக்கும், சில மாதத்தில் கிழியும். சக்கரத்தில் பாரம் வந்த பிறகு குறித்த அளவுக்கு முறுக்குகிற டார்க் ரெஞ்சால் இறுக்க வேண்டும். இதைச் செய்யாத பட்டறைதான் அதிகம். பக்கத்தில் நின்று பாருங்கள், தப்பாக நினைக்க மாட்டார்கள். நினைத்தால் வேறு பட்டறைக்குப் போங்கள். அலைன்மெண்ட் அன்றைக்கே ஒன்று, ஸ்பிரிங் உட்கார்ந்த பிறகு 1,000 கி.மீ.யில் இன்னொன்று. ஹெட்லைட் வெளிச்சத்தின் உயரத்தையும் திருத்திக்கொள்ளுங்கள்.

சட்டம்: மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52. ஆர்சியில் இருக்கும் விவரம் உற்பத்தியாளர் கொடுத்ததற்கு மாறிப்போகும்படி வண்டியை மாற்றக்கூடாது. 2019 திருத்தத்தில் வந்த 182ஏ பிரிவில், அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ உண்டு. என்ன செய்யப் போகிறீர்கள் என்பதைச் சொல்லி, அதற்கு அனுமதி உண்டா என்று ஆர்டிஓவிலும் இன்சூரன்சிலும் முன்கூட்டியே எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். விபத்துக்குப் பிறகு சர்வேயர் வெட்டின ஸ்பிரிங்கைப் பார்த்தால் பேச்சு வேறு மாதிரி போகும்.

கடைசியாக, தலைப்பில் சொன்ன டேக். ஒயர் கட்டுகிற பிளாஸ்டிக் டேக், ஒரு ரூபாய்கூட ஆகாது. ஷாக்கின் தூசி உறையை மேலே தள்ளிவிட்டு, பளபளவென்று இருக்கும் தண்டின் அடியில், ஷாக் உடம்பை ஒட்டினாற்போல் அதைக் கட்டிவிடுங்கள், ரொம்ப இறுக்க வேண்டாம். ஒரு வாரம் நீங்கள் வழக்கமாகப் போகிற ரோட்டில், வழக்கமாக ஏற்றுகிற ஆட்களோடு ஓட்டுங்கள். ஷாக் அமுங்கும்போது டேக்கைத் தள்ளிக்கொண்டு போகும், அது அங்கேயே நின்றுவிடும். டேக்குக்கும் பம்ப் ஸ்டாப்புக்கும் நடுவே எத்தனை மி.மீ. மிச்சமோ, அவ்வளவுதான் நீங்கள் இறக்க முடிந்த எல்லை. இருக்கிற உயரத்திலேயே அது பம்ப் ஸ்டாப்பைத் தொட்டிருந்தால் என்னிடம் வர வேண்டாம், டீ குடித்துவிட்டு வீட்டுக்குப் போங்கள்.

அந்தத் தம்பிக்கு வெட்டின நாலு ஸ்பிரிங்கையும் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டு, ஷாக்கோடு சேர்ந்த செட் ஒன்று 25 மி.மீ.யில் மாட்டி, முன்னால் இரண்டு பக்கமும் டேக் கட்டி அனுப்பினேன். கார்த்திகை மாசம் வால்பாறை போய் வந்து போட்டோ அனுப்பியிருந்தார். ஸ்கேல் வைத்து எடுத்தது. இடது பக்கம் 18 மி.மீ., வலது பக்கம் 21 மி.மீ. மிச்சம். கீழே ஒரு வரி: "அம்மிச்சியும் வந்தாங்கண்ணா, எங்கயும் எறக்கி உடல."