நெபுலைசர்: புகையா, ஆவியா, துளியா?

பெரும்போக அறுவடை தொடங்கிவிட்டால் மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கத்தில் முட்டுக்காரருக்குக் கெட்ட காலம். வெட்டு மெஷின் ஓடும் வயலில் தூசி பறக்கும். இரவில் இழுப்புத் தொடங்கும். விடியுமுன் ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டிவரும். அங்கே மாஸ்க் போட்டு மருந்து கொடுப்பதைச் சிலர் "புகை பிடிச்சது" என்பார்கள், சிலர் "ஆவி பிடிச்சது" என்பார்கள். துண்டில் எழுதியிருப்பதோ நெபுலைசேஷன்.

இலத்தீனில் நெபுலா என்றால் மூடுபனி, முகில். கிரேக்கத்து நெபெலேயும் சமஸ்கிருதத்து நபஸும் அதன் உறவுச் சொற்கள். வானில் மங்கலாகத் தெரியும் விண்முகிலுக்கும் அதே பெயர்தான். ஆக, மருந்து நீரை மூடுபனியாக்கும் கருவி நெபுலைசர். தூக்கிச் செல்லக்கூடிய ஒரு கருவியை 1858இல் பிரான்சில் சால்-ஜிரோன் என்ற மருத்துவர் செய்தார். கையால் பம்ப் அடித்து இயக்குவது அது.

இன்றைய கருவியைக் கிட்ட நின்று பார்த்தால் எல்லாம் விளங்கும். மாஸ்கின் கீழே ஒரு சின்னக் கிண்ணம். நர்ஸ் பிளாஸ்டிக் குப்பியின் தலையைத் திருகி மருந்தை அதில் ஊற்றுவார். அடியிலுள்ள ஊசித் துளை வழியாகக் காற்று நிமிடத்துக்கு 6 முதல் 8 லீற்றர் வேகத்தில் சீறி வரும்போது மருந்தையும் இழுத்துக்கொண்டு மேலேயுள்ள தடுப்பில் மோதிச் சிதறும். பெரிய துளிகள் கிண்ணத்துக்கே திரும்பி விழும். 1 முதல் 5 மைக்ரோமீற்றர் வரையான துளிகளே சிறு சுவாசக் குழாய்கள் வரை போகும். பத்து நிமிடமளவில் "பொட் பொட்" என்று சத்தம் மாறினால் மருந்து முடிகிறது என்று அர்த்தம். அப்போது கிண்ணத்தை மெல்லத் தட்டினால் சுவரில் ஒட்டியிருப்பதும் இறங்கிவிடும்.

இதில் எதுவும் எரியவில்லை, கொதிக்கவும் இல்லை. அதனால் புகையும் பொருந்தாது, ஆவியும் பொருந்தாது. இதைச் சொல் சண்டையாக நினைக்க வேண்டாம். "மிஸ், பிள்ளைக்கு வீட்டில ஆவி பிடிச்சும் குறையல்ல" என்று ஒரு தாய் சொல்லும்போது, போர்வைக்குள் கொதிநீர்ச் சட்டியை வைத்து நேரத்தை இழந்துவிட்டுத்தான் வந்திருக்கிறார் என்று பொருள். சுருங்கிய சுவாசக் குழாயை வெந்நீர் ஆவி விரிக்காது. சட்டி கவிழ்ந்தால் பிள்ளையின் தோல் வெந்துவிடும்.

நல்ல தமிழ் எது? 'தூவானம்' அழகான சொல், ஆனால் அது மழைக்கே உரியது. 'தெளிப்பான்' என்றால் இங்கே வயலுக்கு மருந்தடிக்கும் டாங்கிதான் நினைவுக்கு வரும். என் தெரிவு 'நுண்துளியாக்கி'. அதிலிருந்து வருவது நுண்துளி மருந்து. பேச்சில் 'துளி மருந்து பிடித்தேன்' என்றாலே போதும். 1936இல் சென்னையில் கூடிய சொல்லாக்க மாநாட்டுக்குத் தலைமை தாங்கிய சுவாமி விபுலாநந்தர் எங்கள் காரைதீவில் பிறந்தவர். அந்த மண்ணில் ஒரு தாய்க்குத் தன் பிள்ளைக்குக் கொடுக்கும் சிகிச்சையின் பெயர் விளங்காமல் இருப்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

அடுத்தது, குப்பிக்குள் இருக்கும் 'கொம்பினேஷன்'. இதற்குத் தமிழ் தேட வேண்டியதில்லை, கூட்டு மருந்து. ஒரு குப்பியில் பெரும்பாலும் 500 மைக்ரோகிராம் இப்ராட்ரோபியமும் 2.5 மில்லிகிராம் சல்பியூடமோலும் இருக்கும். 1969இல் விற்பனைக்கு வந்த சல்பியூடமோல், குழாயைச் சுற்றியுள்ள தசையைச் சில நிமிடங்களில் தளர்த்தும். இப்ராட்ரோபியம் அந்தத் தசையைச் சுருங்கச் சொல்லும் நரம்புச் சமிக்ஞையைத் தடுக்கும். கொஞ்சம் ஆறுதலாகவே வேலையைத் தொடங்கும். அதன் மூதாதை அத்ரோபின், ஊமத்தையில் உள்ள நஞ்சு. ஆஸ்துமாவுக்கு ஊமத்தைப் புகை இழுக்கும் வழக்கம் 1802இல் மதராஸிலிருந்து இங்கிலாந்துக்குப் போனது. 'புகை' என்ற சொல்லுக்கு அப்போது நியாயம் இருந்தது. இன்று யாரும் ஊமத்தையைத் தொடக்கூடாது, அளவு தப்பினால் உயிருக்கே ஆபத்து.

கடுமையான ஆஸ்துமா இழுப்பிலும், பீடி சிகரெட்டாலும் விறகடுப்புப் புகையாலும் வரும் நாட்பட்ட சுவாச அடைப்பு நோய் திடீரெனக் கூடும்போதும் இந்தக் கூட்டு மருந்து கைகொடுக்கும். கை நடுக்கம், நெஞ்சு படபடப்பு, வாய் வறட்சி வரலாம். "நெபுலைசர் பிடிச்சாத்தான் நெஞ்சு திறக்கும்" என்ற நம்பிக்கையும் நம்மிடம் உண்டு. சாதாரண இழுப்புக்கு, ஸ்பேசர் என்ற பிளாஸ்டிக் கூட்டில் பூட்டி எடுக்கும் பம்பே (இன்ஹேலர்) அதே அளவுக்கு உதவும்.

கண்ணில் அழுத்த நோய் உள்ளவர்கள் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். மாஸ்க் சரியாகப் பொருந்தாவிட்டால் துளிகள் கண்ணில் பட்டு நோயைக் கூட்டும். அவர்களுக்கு வாயில் கவ்வும் குழல் நல்லது. டியோட்ரோபியம் பம்ப் எடுப்பவர்களும் அதை டொக்டரிடம் காட்ட வேண்டும். அதுவும் இப்ராட்ரோபியமும் ஒரே வகை மருந்து.