சிறகால் பாடும் குருவி

"வாயைத் திறக்காமல் ஒரு பறவையால் பாட முடியுமா?" என்று ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருவர் கேட்டிருந்தார். முடியும். ஈக்வடாரிலும் கொலம்பியாவிலும் ஆண்டீஸ் மலையின் மேற்குச் சரிவுக் காடுகளில் வாழும் ஒரு குருவி அப்படித்தான் பாடுகிறது. பெயர் கிளப்-விங்டு மானகின். தமிழில் தடிச்சிறகு மானகின் எனலாம். நம் சிட்டுக்குருவியைவிடச் சிறியது. பழமும் பூச்சியும் தின்னும். கூடு, முட்டை, குஞ்சு எல்லாம் பெண்ணின் பாடு. ஆணின் கவலை பெண்ணைக் கவர்வது மட்டுமே.

உச்சந்தலை சிவந்த அந்த ஆண், கிளையில் முன்னால் குனிந்து இரு சிறகுகளையும் முதுகுக்கு மேல் தூக்கும். டிக், டிக், அப்புறம் நீளமாக ஒரு 'டிங்ங்'. வயலின் கம்பியில் வில்லை இழுத்ததுபோல் சுத்தமான சுருதி. தொண்டைக்கு இதில் பங்கே இல்லை.

ஒரு சீப்பை எடுத்து அதன் பற்களின் மேல் நகத்தை ஓட்டுங்கள். 'கர்ர்ர்' என்று கேட்கும். வேகமாக ஓட்டினால் சத்தம் கீச்சென்று உயரும். மானகினின் சிறகில் ஓர் இறகின் தண்டு தடித்து, அதன் மேல் 7 மேடுகள் வரிசையாக இருக்கின்றன. அதுதான் சீப்பு. பக்கத்து இறகின் வளைந்த முனைதான் நகம். சிறகுகள் உள்ளே வரும்போது ஒருமுறை, வெளியே போகும்போது ஒருமுறை அந்த முனை மேடுகளை உரசும். ஓர் அசைவுக்கு 14 தட்டல். சிறகு அசைவதோ நொடிக்கு சுமார் 107 முறை! பெருக்கிப் பாருங்கள்: கிட்டத்தட்ட 1500. கேட்கும் சுருதியும் அதே 1500 ஹெர்ட்ஸ்தான். இதைவிட அழகு, அந்தத் தடித்த இறகுகள் இயல்பாக அதிரும் வேகமும் ஏறக்குறைய அதுவே. ஊஞ்சலை அது வந்து திரும்பும் நேரம் பார்த்துத் தள்ளினால் எப்படி உயர எழும்புமோ, அப்படிச் சத்தம் பெருகுகிறது. இந்தக் கணக்கு முதல்முறை பிடிபட்டபோது நான் எழுந்து போய்ச் சீப்பைத் தேடினேன்.

இந்த விசித்திர இறகுகளைப் பற்றி டார்வின் 1871-லேயே எழுதிவிட்டார். அவை எப்படி ஒலிக்கின்றன என்பதை பறவை ஆய்வாளர்கள் கிம்பர்லி பாஸ்ட்விக்கும் ரிச்சர்ட் பிரமும் அதிவேகக் கேமரா வைத்துப் படம்பிடித்து, 2005-ல்தான் சொன்னார்கள். "குருவி இறகை ஆராய்ந்து என்ன லாபம்?" என்று கேட்டு நிதியை வெட்டுவது எனக்குக் கொஞ்சமும் உடன்பாடில்லாதது. காட்டில் மாதக்கணக்கில் காத்திருக்க ஒருவருக்குச் சம்பளம் கொடுத்தால்தான் இதெல்லாம் தெரியவரும்.

சரி, இறகைப் பார்த்தோம்; இனி அதைத் தாங்கும் எலும்புக்கு வருவோம். பறவை எலும்பு உள்ளே வெற்றிடமாக, லேசாக இருக்கும் என்று பள்ளியில் படித்திருப்போம். இந்த இறகுகள் ஊன்றியிருக்கும் முன்கை எலும்பு மட்டும் இந்த ஆணுக்குத் தடித்து, உள்ளே கெட்டியாக இருக்கிறது என்று 2012-ல் தெரிந்தது. பறக்க லேசான எலும்புதான் வசதி. இதுவோ அந்தப் பாரத்தையும் தூக்கிக்கொண்டுதான் மரத்துக்கு மரம் பறந்து பழம் பறிக்கிறது.